தை மாதமே செய்திருக்க வேண்டியது

நான் வேலை பார்த்த நூற்பாலையின் பின்பக்கம் கழிவுப் பஞ்சைக் கொட்டிவைக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்த ஒரு காலையில், ஷிப்டு முடிந்து சைக்கிளை எடுக்கப் போனபோது அதற்குள்ளிருந்து முனகல் கேட்டது. யாரோ உரச்சாக்கில் கட்டி மதிலுக்கு மேலாக வீசியிருந்தார்கள். அவிழ்த்துப் பார்த்தால் மூன்று நாய்க்குட்டிகள். மூன்றும் பொட்டை. இரண்டு செத்திருந்தன. மூன்றாவது கண்கூடச் சரியாகத் திறக்காமல், மேலெல்லாம் பஞ்சு ஒட்டியபடி என் விரலைச் சப்பியது. சாப்பாட்டுப் பையில் தூக்குவாளிக்குப் பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. கோவில்பட்டியில் ஸ்டேஷனிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு சந்தில் குடியிருந்தோம். நான், என் மனைவி, நாலாவது படிக்கும் மகள். மனைவி வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட்டும் பாவாடையும் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் பையைத் திறந்து காட்டினேன். மிஷினை நிறுத்தி, துணி வெட்டிய மிச்சங்களை ஒரு அட்டைப்பெட்டிக்குள் போட்டு மெத்தைபோல் ஆக்கி, அதில் குட்டியை வைத்தாள். ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்றை மருந்துக்கடையில் வாங்கிவரச் சொன்னாள். அதில்தான் பால் கொடுத்தாள்.

மகள் அதற்கு ஒவ்வொரு வாரமும் ஒரு பெயர் வைத்துப் பார்த்தாள். எதுவும் ஒட்டவில்லை. கடைசிவரைக்கும் அது எங்களுக்குக் குட்டிதான்.

ஐப்பசியில் வெறிநாய் ஊசி போடுவதற்காகக் குட்டியைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். டாக்டர் நாமக்கல் பக்கத்துக்காரர், இளவயசு. ஊசியைப் போட்டுவிட்டு அவராகவே சொன்னார்.

"பொட்டைக் குட்டிங்களா? ஆறு மாசம் ஆனதும் கூட்டிட்டு வாங்க. தை மாசம்னா நல்லா இருக்கும். முதல் பருவம் வர்றதுக்கு முன்னாடியே கருப்பையை எடுத்துட்டோம்னா ரத்தம் அதிகம் போகாது, பின்னாடி மடியில கட்டி கிட்டி வர்றதும் குறைவுங்க. தள்ளிப் போடாதீங்க."

சரி என்றேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதைச் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்களுக்கு இரண்டாவதாக ஒரு பையன் பிறந்தான். மகளுக்கு அப்போது இரண்டு வயசு. ஆபரேசன் செய்துதான் எடுத்தார்கள். மனைவி மயக்கத்தில் இருந்தாள். குழந்தையைக் கொண்டுவந்து காட்டிய நர்சம்மா, "ஒரு பொண்ணு, ஒரு பையன்னு ஆச்சு. வயித்தைத் திறந்த கையோட குடும்பக் கட்டுப்பாடும் பண்ணிரலாமா? இன்னொரு தடவை கத்தி வைக்க வேண்டாம்லா?" என்று கேட்டார். நல்லதற்குத்தான் கேட்டார். தாளை நீட்டினார். பையன் பிறந்த சந்தோஷத்தில் இருந்தேன். எங்கே போட வேண்டும் என்று மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவள் கண் விழித்த பிறகு கேட்போம் என்று தோன்றவே இல்லை.

அவளிடம் நானாகச் சொல்லவும் இல்லை. மூன்றாம் நாள் கட்டு மாற்ற வந்த நர்சம்மா பேச்சுவாக்கில் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். பதினோராம் நாள் காய்ச்சலும் மூச்சிரைப்புமாகப் பையன் போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போடவில்லை. சமைத்தாள், தைத்தாள், மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். கையெழுத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஏழு வருஷம் அப்படியே போயிற்று. இப்போது ஒரு நாய்க்குட்டியின் கருப்பையை எடுப்பதா வேண்டாமா என்று அவள் முன்னால் போய் நின்று எப்படிக் கேட்பது?

தை வந்தது. பொங்கல் முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு ஷிப்டு மாறட்டும் என்றேன். பக்கத்து வீட்டில் கடலைமிட்டாய் போடுகிறவரின் மனைவி இருந்தார். என் மனைவி அவரை மைனி என்று கூப்பிடுவாள். எனக்கும் அவர் மைனிதான். ஒருநாள் வாசலில் அவரிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"ஒரு ஈத்தாவது ஈனட்டும்யா," என்றார் மைனி. "தாயாகாம அதோட வயித்தை அறுத்தா அந்தப் பாவம் நம்மளச் சும்மா விடாது. அப்புறமா பண்ணிக்கிடலாம்."

அது எனக்கு வசதியாக இருந்தது. மைனி சொன்னதை நான் நம்பினேனா என்று கேட்டால், இல்லை. தள்ளிப்போட ஒரு காரணம் கிடைத்தது, பிடித்துக்கொண்டேன். மாசியும் போயிற்று.

பங்குனி முதல் வாரத்தில் சிமெண்டுத் தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம் கிடந்தது. மகள் பயந்துபோய் அம்மாவைக் கூப்பிட்டாள். மனைவி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே, "பெரியவளாயிட்டா, வேற ஒண்ணுமில்ல" என்றாள். மறுநாளிலிருந்து கடுவன் நாய்கள் வர ஆரம்பித்தன. எங்கிருந்துதான் வந்தனவோ. காலையில் கதவைத் திறந்தால் நாலைந்து படுத்திருக்கும். ஒன்றையொன்று கடித்துக் குதறும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் சந்துக்குள் வரப் பயந்தார்கள். குட்டியை உள்ளறையில் கட்டிப்போட்டோம். அது கதவை நாள் முழுக்கப் பிராண்டியது.

டாக்டரிடம் ஓடினேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "தை மாசம் வரச் சொன்னனே சார். இப்பத் தொட முடியாதுங்க. ரத்தக்குழாயெல்லாம் புடைச்சிருக்கும். மூணு வாரம் வெளிய விடாமப் பத்திரமாப் பாத்துக்கோங்க. ரெண்டு மாசம் கழிச்சுப் பண்ணலாம்."

பன்னிரண்டாம் நாள் நகராட்சித் தண்ணீர் வந்தது. அந்தக் காலத்தில் எங்கள் சந்துக்கு எட்டு நாளைக்கு ஒருதரம்தான் வரும். வருகிற அன்று வேறு எதையும் யாரும் நினைக்க மாட்டார்கள். மனைவி குடங்களோடு குழாயடியில் இருந்தாள். வீட்டில் குட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் நான். முதல் ஷிப்டு முடிந்து வந்த அலுப்பில் அப்படியே கண்ணசந்துவிட்டேன். நிறைந்த குடத்தை உள்ளே கொண்டுவந்து வைத்த மகள் உள்கதவைச் சரியாகச் சாத்தவில்லை.

கூச்சல் கேட்டு எழுந்து வெளியே வந்தேன். சந்து நடுவில், வெயிலில், குட்டியும் ஒரு செவலைக் கடுவனும் பின்பக்கம் ஒட்டியபடி ஆளுக்கொரு திசை பார்த்து நின்றன. குட்டி வலியில் ஊளையிட்டது. சுற்றிலும் சிரிப்பு. இரண்டு பேர் கல்லெடுத்திருந்தார்கள். ஒருவர் கொதிநீர் கொண்டுவருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் மனைவி இடுப்பிலிருந்த குடத்தை இறக்கி வைத்தாள். பொதுவாக அவள் சந்தில் தலை நிமிர்ந்துகூடப் பேச மாட்டாள்.

"கல்லைக் கீழ போடுங்க," என்றாள். "யாரும் கிட்ட வரப்பிடாது. தானா விலகும். வீட்டுக்குப் போங்க எல்லாரும்."

போய் நாய்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். இருபது நிமிஷத்துக்கு மேல் இருக்கும், அந்த வெயிலில் அப்படியே நின்றாள். தண்ணீர் நின்றுபோனது. எங்களுக்கு மூன்று குடம்தான் கிடைத்திருந்தது. நான் நிலைப்படியை விட்டு இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது. நாயை நினைத்து இல்லை.

விலகியதும் குட்டியைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டி உள்ளே போனாள். "டாக்டர் என்ன சொன்னாரு? மொதல்ல இருந்து சொல்லுங்க," என்றாள்.

சொன்னேன். ஐப்பசியில் சொன்னதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குட்டியின் காலிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"அஞ்சு மாசமா எங்கிட்ட இதைச் சொல்லல," என்றாள். கேள்வியாக இல்லை.

மறுநாள் இரண்டு பேருமாகத்தான் டாக்டரிடம் போனோம். அவர் இரண்டு வழி சொன்னார். குட்டி போட விடலாம். ஆனால் எட்டு மாசத்து உடம்பு, இடுப்பு ஒடுக்கம், பிரசவத்தில் ஆபத்து வரலாம். இல்லாவிட்டால் ஒரு மாசம் கழித்து, கருவோடு சேர்த்துக் கருப்பையை எடுத்துவிடலாம். "எதுன்னாலும் நீங்கதான் முடிவு சொல்லணும்," என்றார்.

அந்த ஒரு மாசத்தில் நான் மறுபடியும் அதையேதான் செய்தேன். அவளிடம் கேட்கவில்லை. அவள் குட்டிக்குத் தினமும் ஒரு முட்டை அவித்துப் போட்டாள். கம்மஞ்சோற்றில் மோருக்குப் பதில் பால் ஊற்றினாள். குட்டி போடட்டும் என்றுதான் நினைக்கிறாள் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். வயிற்றில் இருப்பதை எடுக்க இவள் சம்மதிப்பாளா என்று என்னையே கேட்டுக்கொண்டு, மாட்டாள் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

சித்திரையில் ஒரு சாயங்காலம் மைனி சட்டைத்துணி கொடுக்க வந்தார். குட்டியின் வயிற்றைப் பார்த்துவிட்டு, "கடுவன் இருந்தா எனக்கு ஒண்ணு எடுத்து வையிட்டி," என்றார்.

"பொட்டையா இருந்தா மைனி?"

"பொட்டை எவனுக்கு வேணும்?" மைனி சிரித்தார். "அதுக்கா இடமில்ல? சாக்குல கட்டி எங்கயாச்சும் வீசிர வேண்டியதுதான்."

மனைவி துணியை அளந்து மடித்து வைத்தாள். மைனி போன பிறகு என்னிடம் வந்தாள். "நாளையோட ஒரு மாசம் ஆகுது. ராத்திரி அதுக்குச் சோறு வைக்கப்பிடாதுன்னு டாக்டர் சொன்னாருல்லா. காலைல போவோம்."

"உனக்குச் சம்மதமா?" என்றேன்.

"இப்பக் கேக்குதீங்க," என்றாள்.

காலையில் ஆஸ்பத்திரியில் பதிவேட்டைத் திறந்து, வளர்ப்பவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். பேனாவை என்னிடம்தான் நீட்டினார்கள். நான் வாங்கப் போனேன். அவள் பக்கவாட்டிலிருந்து பேனாவை வாங்கினாள். குனிந்து, தன் பெயரை எழுத்துக்கூட்டி எழுதுவதுபோல் நிதானமாக எழுதினாள்.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வேப்பமரத்தடியில் மாடுகளோடு நின்றோம். டாக்டர் வெளியே வந்து முகத்தைத் துடைத்தார். "நல்லபடியா முடிஞ்சதுங்க."

"எத்தனை இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"நாலுங்க."

தலையாட்டினாள். குட்டியைப் பழைய சேலையில் சுற்றிக் கொடுத்தார்கள். நாக்கு வெளியே தொங்கியது. கண் திறந்திருந்தும் பார்வை இல்லை. ஆட்டோவில் வருகிற வழியெல்லாம் அவள் அந்த நாக்கு காயாமல் விரலால் தண்ணீர் தொட்டுத் தடவிக்கொண்டே வந்தாள். சித்திரை வெயிலிலும் குட்டியின் உடம்பு நடுங்கியது.

சாயங்காலம் எழுந்து நின்று, சுவரில் முட்டி விழுந்தது. இரண்டாம் நாள் கஞ்சி குடித்தது. தினமும் ஊசிக்குத் தூக்கிப் போனோம். மாத்திரையை அவித்த முட்டையின் மஞ்சளில் வைத்து ஊட்டினாள். தையலை நக்கவிடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கழுத்தைச் சுற்றி மாட்டுகிற கூம்பு அப்போது எங்கள் ஊரில் கிடைக்காது. அவள் என் பழைய சட்டையை வெட்டி, நாலு காலுக்கும் துளை வைத்து, முதுகில் நாடா போட்டு முடிகிற மாதிரி ஒரு சட்டை தைத்தாள். அளவு எடுக்கும்போது குட்டி அவள் கையை நக்கியது. மாற்றுவதற்கென்று இன்னொன்றும் தைத்தாள்.

நாலாம் நாள் மத்தியானம் சந்தில் கல்யாணக்காரர்கள் சரவெடி வெடித்தார்கள். குட்டி மிரண்டு கட்டில்மேல் தாவி, அங்கிருந்து ஜன்னலுக்குத் தாவி, தரையில் விழுந்தது. மனைவி ஓடிப்போய் நாடாவை அவிழ்த்துப் பார்த்தாள். வருஷக்கணக்காகத் தையல் பார்த்த கண்.

"நடுவுல ரெண்டு தையல் விட்டுப்போச்சு," என்றாள். வெட்டு வாய் திறந்து, உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. இளஞ்சிவப்பாக நீர் கசிந்தது. அதற்குள் ஈ இரண்டு வந்து உட்கார்ந்துவிட்டன.

ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் இல்லை. இடைசெவலில் மாடுகளுக்கு ஊசி போடப் போயிருக்கிறார் என்றார்கள். மில்லில் கூட வேலை பார்த்தவரிடம் மொபெட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். பின்னால் அவள் குட்டியை மடியில் சேலையால் கட்டிப் பிடித்திருந்தாள். இரண்டு பக்கமும் கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. பருத்திமார் பிடுங்கிய வெற்று நிலம். அனல் முகத்தில் அடித்தது. நான் வேகமாக ஓட்டினால், "மெல்ல, மெல்ல, குலுங்குது" என்றாள். மெதுவாக ஓட்டினால், "சீக்கிரம் போங்க" என்றாள்.

ஊர்ப் புளியமரத்தடியில் மாடுகளுக்கு நடுவில் டாக்டர் நின்றார். பார்த்ததுமே கையைக் கழுவினார். யாரோ ஒரு நார்க்கட்டிலைக் கொண்டுவந்து போட்டார்கள். கொஞ்சமாக மயக்க ஊசி போட்டு, மரத்து நிழலிலேயே தைக்க ஆரம்பித்தார். கிடை ஆடு மேய்க்கிற ஒருவர், ஐம்பது வயசிருக்கும், கேட்காமலே வந்து குட்டியின் பின்னங்கால்களைப் பிடித்துக்கொண்டார். மனைவி தலையைப் பிடித்தாள். நான் துண்டால் ஈ விரட்டினேன்.

"வெயில் காலத்துல எதுக்குச் செஞ்சீங்க?" என்று ஆட்டுக்காரர் என்னைக் கேட்டார். "கெடாவுக்குக் காயடிக்கதுன்னாக்கூட நாங்க தையிலதான் செய்வோம். பனியில புண்ணு சட்டுனு ஆறும். இப்பன்னா ஈ அண்டும், சீழும் சலமும் கோக்கும்."

நான் துண்டை வீசிக்கொண்டே இருந்தேன். அவள்தான் சொன்னாள். "தையிலயே செஞ்சிருக்கணும். தப்பிப்போச்சு."

யாருடைய தப்பு என்று அவள் சொல்லவில்லை. ஆட்டுக்காரரும் கேட்கவில்லை. வேலை முடிந்ததும், தண்ணீர் கொண்டுவந்து அவளிடம்தான் முதலில் கொடுத்தார். "பொழைச்சுக்கிடும் தாயி," என்றார்.

மூன்று நாள் காய்ச்சல் இருந்தது. மூக்கு காய்ந்து வெடித்தது. தையலைச் சுற்றி வீங்கி, தொட்டால் சுட்டது. நான் மில்லுக்கு லீவு சொன்னேன். உள்ளறையில் ஜன்னலுக்கு ஈரச்சாக்கு கட்டி, அவள் காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு குட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தாள். இரண்டாம் நாள் மத்தியானம் நான் அட்டையை வாங்கிக்கொள்ள உட்கார்ந்தேன். கோடை லீவு, மகள் மைனி வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு உங்கிட்டக் கேக்காமக் கையெழுத்துப் போட்டது தப்புதான்," என்றேன்.

எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. அட்டையையும் கொடுக்கவில்லை. விசிறிக்கொண்டே இருந்தாள்.

"கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பேனா, மாட்டேன்னு சொல்லியிருப்பேனா, எனக்கே தெரியல," என்றாள் கடைசியில். "எத்தனையோ நாள் யோசிச்சுப் பாத்திருக்கேன். ஒரு நாள் சரின்னு தோணும். ஒரு நாள் மாட்டேன்னு தோணும். நீங்க கேட்டிருந்தா ரெண்டுல ஒண்ணைச் சொல்லியிருப்பேம்லா. அதோட போயிருக்கும். இப்ப எனக்குத் தெரிஞ்சுக்கிட வழியில்ல."

"நீ ஏன் எங்கிட்டச் சண்டை போடல?"

"நாலு நாள் கழிச்சுப் போடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள புள்ள சீக்காயிட்டான்."

குட்டியின் காதைத் தடவிக்கொண்டே, "அவனுக்கு இடது காது மடிஞ்சிருக்கும், பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

நான் பார்த்ததில்லை. அல்லது பார்த்து மறந்திருந்தேன். அவன் முகமே எனக்குத் தெளிவாக இல்லை. பொய் சொல்லியிருக்கலாம். ஞாபகமில்லை என்றேன். அவளுக்கு அழுகை வந்தது. அந்தப் பையனுக்காக அவள் என் முன்னால் அழுதது அன்றைக்குத்தான். அவளைத் தொடலாமா என்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவளாகவே முகத்தைத் துடைத்துக்கொண்டு அட்டையை என்னிடம் கொடுத்தாள். "நல்லா வீசுங்க. நான் உலை வைக்கேன்."

காய்ச்சல் விட்டது. பத்து நாளில் பிரிக்க வேண்டிய தையலைப் பதினேழாம் நாள்தான் பிரித்தார்கள். ஒரு இடத்தில் தோல் சுருங்கித் தடிப்பாக நின்றுவிட்டது. அந்த இடத்தில் மயிர் முளைக்கவே இல்லை. புரட்டாசியில் கடுவன்கள் சந்து வழியாகப் போயின, எங்கள் வாசலில் நிற்கவில்லை. குட்டி உடம்பு வைத்து, பால்காரரையும் தபால்காரரையும் பார்த்துக் குரைத்துக்கொண்டு பதினோரு வருஷம் எங்களோடு இருந்தது. ஆனால் வெடிச்சத்தம் கேட்டால் கடைசிவரை கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

தை மாசமே கூட்டிப் போயிருந்தால் அதற்கு இத்தனை பாடு இல்லை. வயிற்றில் நாலு உயிரும் இருந்திருக்காது. இதை நினைக்காமல் இருக்க நான் பழகவில்லை.

பையனைப் பற்றி அதற்குப் பிறகு நாங்கள் பேசியது இரண்டு தடவைதான். இரண்டு தடவையும் அவள்தான் தொடங்கினாள்.